ஒரு மூச்சுச் சிரிப்பு

கோர்பூ
பிப்ரவரி 9

கர்னல் கூக்கா தப்சோபா அவர்களுக்கு,

தங்கள் புத்தாண்டு வாழ்த்து அட்டை நேற்றுதான் கிடைத்தது. ஆண்டு பிறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றாலும் வாழ்த்து ஊசிப்போகிற பண்டம் அல்ல. 'இராணுவ ஆட்சி மன்றத்தின் சார்பில்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறது. கீழே தங்கள் கையெழுத்து. ரப்பர் முத்திரையாக இருக்குமோ என்று எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மை கரைந்தது. ஆக, எனக்கு வருகிற ஒரு காகிதத்தின் மேல் தாங்கள் பேனாவை வைத்தது உண்மை.

'தாங்கள்' என்பது இதோடு போதும், கூக்கா. கை வலிக்கிறது.

இங்கே எல்லோரும் எனக்கு மரியாதை கொடுக்கிறார்கள். புலானி மாட்டுக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறார்கள். மொழிபெயர்க்கும் சம்பா அதை இரண்டு மடங்கு மரியாதையாக்கி என்னிடம் சொல்கிறான். நான் கேலியாக ஏதாவது சொன்னால் சற்று யோசித்து, அவர்களிடம் வேறு ஏதோ சொல்கிறான். அவர்கள் தலையாட்டுகிறார்கள். என் மனைவி ஒடில் தலைநகரில் தன் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டாள். இங்குள்ள புழுதி அவளுக்கு ஆகாதாம். எனக்கு ஆகும் என்று யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு நாய் வந்தது. மஞ்சள் நிறம், ஒரு காது கிழிந்தது. வாசற்படியில் படுத்துக்கொண்டது, துரத்தினாலும் போகவில்லை. ஒரு சாமோ இனத்தானின் வாசலில் நாய். தலைநகராக இருந்தால் தெருவில் போகிற கடைசி மோசிக்காரன்கூட சைக்கிளை நிறுத்தி, "என்ன திராபோ, விருந்து எப்போ? தலை உனக்கு, வால் எனக்கா?" என்று கேட்டிருப்பான். "உன் வீட்டுக் கழுதைய எண்ணிப் பார்த்தியாடா? ஒண்ணு குறையுது, உன் பல்லுல முடி தெரியுது" என்று நானும் சொல்லியிருப்பேன். இங்கே யாரும் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல கேலி, சொல்ல ஆளில்லாமல் படியில் படுத்துக் கிடக்கிறது.

மன்றத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மறதி சீக்கிரம் வருகிறது, அதனால் நினைவூட்டுகிறேன். என் சாமோ இனமும் உன் மோசி இனமும் கேலிமுறை. முப்பாட்டன்களின் முப்பாட்டன்கள் செய்த ஒப்பந்தம். நான் உன்னைக் கழுதை தின்னி என்பேன், என் அடிமை என்பேன். நீ என்னை நாய்த்தலை தின்னி என்பாய், உன் அடிமை என்பாய். கோபப்பட்டவன் தோற்றவன். அவன் கோழி கொடுத்துத் தீர்க்க வேண்டும். உன் அப்பா இறந்தபோது அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் கைத்தடியை ஊன்றி, அவரைப் போலவே இருமி, "என் மகன் கூக்கா கஞ்சன், என்னைக் கிழிஞ்ச பாயில சுத்திட்டான்" என்று பிணத்துக்கு முன்னால் நடந்தவன் நான். உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அது நடக்காமல் உங்கள் வீட்டில் யாரையும் புதைத்ததில்லை.

நாட்டை ஆளும் ஜெனரலும் மோசிதான். அதனால்தான் ஆட்சியின் முதலாண்டு விழாவில், அரண்மனைத் தோட்டத்தில், அவர் தன் பெரிய நாற்காலியில் உட்கார்ந்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "டேய் கழுதை தின்னி, எசமான் நிக்கிறேன். அடிமைக்கு என்னடா நாற்காலி? எந்திரி." நூறு கல்யாண வீட்டில் சொன்ன பேச்சு. தோட்டமே சிரித்தது. முதலில் சிரித்தது நீ. உன் சிரிப்பு எனக்குத் தெரியும், வயிற்றிலிருந்து வரும். அது ஒரு மூச்சு நேரம் வந்தது. ஜெனரல் சிரிக்கவில்லை. உன் சிரிப்பு நின்றது, யாரோ குழாயை மூடியதுபோல. அதற்குப் பிறகு அங்கே கேட்டது தூதர்களின் கரண்டிச் சத்தம் மட்டும்.

அரசுத் தலைவரை அவமதித்தல், ஒன்பதாம் பிரிவு. அந்தச் சட்டத்தை எழுதியவன் நான்தான். மன்றத்தின் சட்டச் செயலாளர் வேறு யார்? கேலிமுறைக்கு அதில் விலக்கு எழுதவில்லை. மூச்சு விடுவதற்கு யாராவது விலக்கு எழுதுவார்களா?

அந்த வாரமே என்னை இந்த ஊருக்கு மாற்றினார்கள். உத்தரவில் இருந்த கையெழுத்துகளில் மூன்றாவது உன்னுடையது. அதற்குப் பிறகு உன் கையெழுத்தை நேற்றுதான் பார்க்கிறேன்.

பதில் வேண்டாம்.

அன்செல்ம் திராபோ
மாவட்ட ஆணையர், மாடுகளுக்கும் காற்றுக்கும்


தலைநகர்
மார்ச் 2

அன்செல்ம்,

இனி தபாலில் எழுதாதே. எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள். உன் கடிதத்தைப் பிரித்த லெப்டினன்ட் கடற்கரைப் பக்கம் வளர்ந்த பையன். கழுதை தின்னி என்பது ரகசியச் சொல்லா என்று என்னிடமே வந்து கேட்டான். "அது என் பேருடா" என்றேன். அவன் எழுதி வைத்துக்கொண்டான். மாட்டு லாரி ஓட்டுகிற யகூபா நம்பகமானவன். அவன் கையில் கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நீட்டி எழுத வராது.

என் தம்பி ஹமிடுவைப் பிடித்துவிட்டார்கள். அவனோடு இன்னும் இரண்டு கேப்டன்கள். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்று குற்றச்சாட்டு. மூன்று பேரும் ஒரு வீட்டில் உட்கார்ந்து சோளக் கள் குடித்தார்கள், சம்பளம் தாமதமாவதைத் திட்டினார்கள், ஒருவன் ஜெனரல் மாதிரி நடந்து காட்டினான். இது சதி என்றால் நம் இராணுவத்தில் சதி செய்யாதவன் சமையல்காரன் மட்டும்தான். அவனும் சந்தேகம்.

இராணுவ நீதிமன்றம் இந்த மாதம் தீர்ப்பு சொல்லும். என்ன தீர்ப்பு என்று எனக்குத் தெரியும். எழுதி வைத்துவிட்டுத்தான் விசாரிக்கிறார்கள். நான் ஆட்சி மன்றத்தில் ஜெனரலின் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். தம்பிக்காக வாய் திறந்தால் தம்பி பக்கத்தில் ஓர் இடம் எனக்கும் போடுவார்கள். மற்ற உறுப்பினர்கள் என் பக்கம் பார்ப்பதில்லை. மோசி எவனும் பேச முடியாது.

சாமோ பேசலாம். கேலிமுறைக்காரன் எதிரில் வந்து தரையில் படுத்துக்கொண்டு கேட்டால் மோசிக்காரன் மறுக்க முடியாது. மறுத்தவனுக்கு அந்த வருஷம் மழை இல்லை என்பார்கள். ஜெனரல் எதை நம்பாவிட்டாலும் அதை நம்புகிறார். அவருடைய அம்மா நம்புகிறாள், அது இன்னும் முக்கியம்.

தலைநகரில் இருந்த பெரிய சாமோ அதிகாரிகள் எல்லோரையும் உன்னைத் தொடர்ந்து ஒவ்வொருவராக வெளியே அனுப்பிவிட்டார். உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

வா.

கூக்கா


கோர்பூ
மார்ச் 11

கூக்கா,

யகூபா உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். அவனுடைய மாடுகளும் நிற்கின்றன.

ஹமிடுவை எனக்குப் பிடிக்கும். உன்னைவிட அதிகமாகப் பிடிக்கும். என் கல்யாணத்தில் பாதிரியார் முன்னால் மோதிரம் எடுக்கக் கோட்டுப் பைக்குள் கை விட்டேன், எலும்பு வந்தது. வைத்தவன் அவன். "பசிக்கும்னுதான் வெச்சேன் மாப்பிள்ளை, பூசை நீளம்" என்றான். பாதிரியார் சிரித்து முடிக்கும்வரை கல்யாணம் நின்றது. அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

ஆனால் நீ கேட்பது என்ன என்று உனக்குத் தெரிகிறதா? எந்தப் பேச்சுக்காக என்னை இங்கே அனுப்பக் கையெழுத்துப் போட்டாயோ அதே பேச்சை, அதே ஆளிடம், நான் வந்து மறுபடியும் பேச வேண்டும். அன்று அது அவமதிப்பு. இன்று உனக்குத் தேவைப்படுவதால் அது மரபு. நான் சட்டம் படித்தவன், கூக்கா. ஒரே செயல் திங்கட்கிழமை குற்றமாகவும் செவ்வாய்க்கிழமை புண்ணியமாகவும் இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நான்தான் அதை எழுதிக் கொடுத்தேன். ஆனால் நீ வக்கீல் இல்லை. நீ என் கேலிமுறைக்காரன்.

ஜெனரல் சிரிக்காததை நான் மன்னித்துவிட்டேன். அவருக்குப் பெரிய நாற்காலி, சின்ன மனசு. இரண்டும் ஒன்றாக உட்காரும்போது சிரிப்புக்கு இடம் இருக்காது. ஆனால் நீ சிரித்தாய். சிரித்துவிட்டு நிறுத்தினாய். சிரிக்காதவனோடு எனக்கு வழக்கு இல்லை.

ஏன் நிறுத்தினாய்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுது. நாட்டு நலன், பொறுப்பு, சூழ்நிலை என்று எழுதினால் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தச் சொற்களை மன்றத்துக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

பதில் வரும்வரை நான் எங்கும் வருவதாக இல்லை. ஒரு மனிதனின் தம்பி சாகக் கிடக்கும்போது இப்படிப் பேரம் பேசுகிறவன் என்ன ஆள் என்று நீ நினைக்கலாம். கோர்பூவில் இரண்டு வறட்சிக்காலம் இருந்து பார், தெரியும்.

அன்செல்ம்


தலைநகர்
மார்ச் 20

அன்செல்ம்,

தீர்ப்பு வந்துவிட்டது. மூன்று பேருக்கும் மரணம். ஈஸ்டர் முடிந்த பிறகு. பெருநாளுக்கு முன்னால் சுடுவது ஆயருக்குப் பிடிக்காது என்பதால் இந்த அவகாசம்.

நீ கேட்டதற்குப் பதில்.

சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்தேன். நிறுத்தினேன். அவ்வளவுதான். இதை நல்ல சொல்லில் எழுத நான்கு நாள் முயன்றேன். வரவில்லை.

போரில் நான் பயந்ததில்லை. உனக்கே தெரியும், எல்லைச் சண்டையில் என் தொடையில் குண்டை வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு ஆள் சிரிக்காததற்குப் பயந்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் என் மனைவி கேட்டாள், "திராபோ என்ன சொன்னாரு இன்னிக்கு? ஏதாவது சொல்லியிருப்பாரே" என்று. ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதற்குப் பிறகு என்னால் எதற்கும் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. பாதியில் யார் முகத்தையாவது பார்த்துவிடுகிறேன்.

நம் வழக்கப்படி கேலிக்குக் கோபப்பட்டவன் கோழி கொடுக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தியவனுக்கு என்ன தண்டனை என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இதற்கு முன் எவனும் செய்திருக்க மாட்டான். நானே முடிவு செய்தேன். யகூபாவின் லாரியில் ஒரு கோழி வருகிறது. மாடுகள் மிதிக்காமல் இருந்தால் உயிரோடு வரும்.

நீ வராவிட்டாலும் கோழியை வைத்துக்கொள்.

கூக்கா


கோர்பூ
மார்ச் 28

டேய் கழுதை தின்னி,

கோழி வந்தது. உன் பெருந்தன்மையைப் போலவே ஒல்லி. வழி முழுவதும் மாட்டின் முதுகில் உட்கார்ந்து வந்ததாம், யகூபா சொல்கிறான். இறங்கியதும் என் நாயைக் கொத்தியது. மோசிக் கோழி என்று அப்போதே புரிந்தது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நல்ல சொல் ஒன்றுகூட இல்லை. நன்றி.

அடுத்த லாரியில் கிளம்புகிறேன். விடுப்பு கேட்கவில்லை. கேட்டால் யாருக்கு அனுப்புவது, உனக்குத்தானே? நீ என்னைப் பார்க்க வராதே, ஆள் அனுப்பாதே, யாரிடமும் பேசாதே. ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று ஜெனரல் பேராலயத்துக்கு வருவார். முன்வாசலில் கார் நிற்கும். அவர் பின்னால் நீ எப்போதும் நிற்கிற இடத்தில் நில்.

கோழியையும் நாயையும் சம்பாவிடம் விட்டிருக்கிறேன். எது எதைத் தின்னும் என்று அவன் கவலைப்படுகிறான். நான் எதையும் தின்னப்போவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன், மரியாதையாகத் தலையாட்டினான்.

உன் எசமான்


கோர்பூ
மே 6

நாய்த்தலை தின்னி,

இதை உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இழுப்பறையில் உன் பழைய பேனா இருந்தது. கசிகிறது.

நீ தரையில் கிடந்தாய், வானத்தையும் கார்ச் சக்கரத்தையும்தான் பார்த்திருப்பாய். நான் பின்னாலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நேரில் சொல்ல விடவில்லை.

ஆணையர் உடுப்போடு நீ குருத்தோலைகளின் மேல் மல்லாந்து படுத்ததும் மெய்க்காவலர் இருவர் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவன் மோசி. கேலிமுறைக்காரன் தரையில் கிடந்தால் தொடக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். கை நீட்டியபடியே நின்றுவிட்டான். இரண்டாமவன் அவனைப் பார்த்து நின்றான். அப்போது நீ தொடங்கினாய்.

"டேய் கழுதை தின்னி. ஆண்டவர் இன்னிக்குக் கழுதை மேல வர்ற நாள். நீ ஏன்டா கார்ல வந்த? கழுதை எங்க? தின்னுட்டியா?"

ஆயர் தன் குருத்தோலையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஓலை நடுங்கியது. பிறகு குருத்து விற்கிற அந்தப் பருத்த பெண், அவளும் மோசிதான், கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்: "எசமான் சரியாத்தானே கேக்குறாரு. கழுதை எங்க?" அவ்வளவுதான். வாசல் முழுவதும் கொட்டியது சிரிப்பு.

நான் ஜெனரலின் கழுத்தைத்தான் பார்த்தேன். நரம்பு புடைத்தது. அவர் உன்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். இடமிருந்து வலம், மெதுவாக, அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல. பார்த்து முடித்த பிறகு சிரித்தார். பிழைத்தோம் என்று நினைத்தேன். ஆனால் ஒன்று உறுத்தியது. அவர் உன்னைத் திருப்பித் திட்டவில்லை. "எழுந்திருங்க திராபோ, உடுப்பு அழுக்காகுது. என்ன வேணும்?" என்றார். எந்த மோசி சாமோவிடம் அப்படிப் பேசுவான்?

நீ எழுந்திருக்கவில்லை. "நீ கழுதை தின்னி. தலை தின்னி நான். ஹமிடு தப்சோபாவோட தலை எனக்குன்னு அவன் என் பையில எலும்பு வெச்ச அன்னிக்கே சொல்லி வெச்சிருக்கேன். அதுல நீ கை வெக்காத."

"எடுத்துக்குங்க" என்றார். குருத்து விற்கிறவள் கை தட்டினாள்.

உன்னைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். பிறகு நான் உன்னைப் பார்க்கவில்லை. அரண்மனை விருந்தினர் வீட்டில் இருக்கிறாய் என்றார்கள். வாசலில் காவலன் என் பெயரைக் கேட்டு உள்ளே போனான், திரும்பி வரவே இல்லை.

ஹமிடுவின் தண்டனை ஆயுள் காவலாகக் குறைந்தது. தெற்கு முகாமில் இருக்கிறான். எங்கள் அக்கா போய்ப் பார்த்தாள். மெலிந்திருக்கிறான், "மாப்பிள்ளை எலும்பக் கேட்டாரா?" என்றானாம்.

மற்ற இரண்டு கேப்டன்களை ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் சுட்டார்கள். அதை நான் முகாமில் நின்று பார்க்க வேண்டும் என்று உத்தரவு. பார்த்தேன். மறுநாள் என்னை மன்றத்திலிருந்து நீக்கினார்கள். சாமோவை ஏவிவிட்ட மோசி யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். எங்கே வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம், காலியாக இருந்தது உன் இடம்.

ஒருவர் இருந்த இடத்துக்கு மற்றவர் வந்திருக்கிறோம். இருவரையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால், வழியில் எங்காவது இரண்டு லாரியும் எதிரெதிரே வரும்போது ஒரு நிமிடம் நிறுத்தியிருக்கலாம்.

சம்பா எனக்கும் மரியாதை கொடுக்கிறான். நாய் என் பூட்ஸை முகர்ந்துவிட்டுப் படியில் போய்ப் படுத்துக்கொண்டது. கோழி முட்டை வைக்கிறது.

கூக்கா


தலைநகர்
ஜூலை 20

கூக்கா,

உனக்கு எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் சொல்ல மாட்டேன். எழுத உட்காரும்போதெல்லாம் கேலியாக ஏதாவது வந்தது. கிழித்துவிட்டேன்.

நான் இப்போது அரசுத் தலைவரின் சிறப்பு ஆலோசகர். வீடு, கார், குளிர்பெட்டி. ஒடில் திரும்பி வந்துவிட்டாள். ஆலோசகர் வீட்டில் புழுதி இல்லை. வேலை வியாழக்கிழமை மட்டும்.

வியாழன்தோறும் அரண்மனையில் விருந்து. தூதர்கள் வருவார்கள், வங்கிக்காரர்கள், வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள். சாப்பாடு முடிகிற நேரத்தில் ஜெனரல் என் பக்கம் கையைக் காட்டி, "இவரு என் கேலிமுறைக்காரர். என்ன வேணும்னாலும் சொல்லுவாரு, நான் கோபப்பட முடியாது. எங்க நாட்டுல சர்வாதிகாரம்னு சொல்றாங்களே, கேளுங்க" என்பார். நான் எழுந்து நின்று அவரைத் திட்ட வேண்டும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்குகிறார். அவர் சிரிப்பதைப் பார்த்து மேசை சிரிக்கிறது. அவர் நிறுத்தியதும் நிறுத்துகிறது. அன்று நீ ஒரு மூச்சுதான் சிரித்தாய் என்று உன்மேல் எவ்வளவு வன்மம் வைத்திருந்தேன். அந்த ஒரு மூச்சு உண்மையானது. இவர்கள் கால் மணி நேரம் சிரிக்கிறார்கள்.

போன வியாழன் சோதித்துப் பார்த்தேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "டேய் கழுதை தின்னி, மூணு தலை இருந்துச்சு. ஒண்ணு எனக்குக் கொடுத்த. மத்த ரெண்டையும் நீயே தின்னுட்டியா? ருசி எப்படி?"

இதற்காவது அவருக்குக் கோபம் வர வேண்டும். கோபம் வந்தால் அவர் தோற்றவர். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு, இத அடுத்த வாரம் மந்திரிமாருக்கும் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் இருந்த தூதர் குறிப்பெடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது ஒடில், "இன்னிக்கு ரொம்ப நல்லாப் பேசினீங்களாமே, நிதி மந்திரி பொண்டாட்டி போன் பண்ணிச் சொன்னா" என்றாள்.

அந்த இரண்டு கேப்டன்களின் பெயரும் உன் முதல் கடிதத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை. தரையில் கிடந்தபோது மூன்று தலை என்று கேட்டிருந்தால் அந்த நேரத்தில் அவர் மூன்றையும் கொடுத்திருப்பார். குருத்து விற்கிறவள் கொடுக்க வைத்திருப்பாள். நீ உன் தம்பியை நினைத்தாய், நான் என் வழக்கை நினைத்தேன். ஒரு தலைக்குமேல் இருவருக்கும் எண்ண வரவில்லை.

இதை விட்டுவிட்டு அங்கேயே வந்துவிடலாம் என்று தோன்றுகிறது. முடியாது. நான் ஒரு வியாழன் போகாவிட்டால் ஹமிடுவின் தலையை எனக்குக் கடனாகத்தான் கொடுத்தார் என்பது அவருக்கு நினைவு வரும். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்வரை உன் தம்பி உயிரோடு இருப்பான். ஆக, நான் வேடிக்கையாக இருந்தாக வேண்டும், கூக்கா, வயதாகும்வரை.

இதில் மிக மோசமானது எது தெரியுமா? அவர் ஒருமுறைகூட என்னைத் திருப்பித் திட்டவில்லை. நாய் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "ஆலோசகர் அவர்களே" என்கிறார். ஒருவன் மட்டும் திட்டினால் அது முறை இல்லை, உத்தியோகம். கோர்பூவில் எனக்குக் கிடைத்த அதே மரியாதை இங்கே தட்டில் வைத்துக் கிடைக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். படுத்துக்கொண்டு கேட்பதாக வைத்துக்கொள். என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. ஆறுதல் வேண்டாம். தம்பியைப் பற்றி நன்றி சொல்லாதே. திட்டு.

அன்செல்ம்


கோர்பூ
ஆகஸ்ட் 4

டேய் நாய்த்தலை தின்னி, என் அப்பன் சந்தையில் இலவச இணைப்பாக வாங்கின அடிமையே,

உன் கடிதம் வந்தது. எழுத்து உன் மூக்கைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இவ்வளவு படித்தவன் இவ்வளவு நீளமாக அழுது நான் பார்த்ததில்லை. உங்கள் ஊரில் நாய்த்தலைக்குச் சண்டை வந்தால் காதைக் கடித்துக்கொண்டு ஓடுகிறவன் நீ என்று உன் மாமனே என்னிடம் சொல்லியிருக்கிறான். அரண்மனையில் கோழித்தொடை கிடைத்ததும் வயிற்றைப் புரட்டுகிறதோ? பழக்கமில்லாத சாப்பாடு, அப்படித்தான் இருக்கும்.

வியாழக்கிழமைக்கு மட்டும் உத்தியோகமாம். மற்ற ஆறு நாள் குரைப்பாயா?

படியில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். அந்த இரண்டு கேப்டன்களைப் பற்றி நீ எழுதிய இடத்தில் நிறுத்திவிட்டேன். பிறகு மழை வந்தது, இந்த வருஷத்து முதல் நல்ல மழை. உள்ளே போய் மிச்சத்தையும் படித்தேன். அவர்கள் பெயரை இங்கே எழுதுகிறேன், நீயாவது தெரிந்துகொள்: யம்பா கபோரே, இஸா சவடோகோ. அவர்களைப் புதைத்தபோது கேலிமுறைக்காரன் யாரும் வரவில்லை, வர விடவில்லை. ஜெனரல் மாதிரி நடந்து காட்டியவன் யம்பா. அவன் நடந்ததுபோல நான் இன்று அறைக்குள் நடந்து பார்த்தேன். செய்ய வேண்டியவன் நீ. மோசிக்கு மோசி செய்வது முறை இல்லை என்று தெரியும். வேறு ஆள் இல்லை. சம்பா கதவோரம் நின்று பார்த்தான். முதலில் மரியாதையாக நின்றான். பிறகு சிரித்துவிட்டான், அன்செல்ம். இரண்டு வருஷம் உன்னால் சிரிக்க வைக்க முடியாத ஆளை நான் ஒரே நடையில் சிரிக்க வைத்தேன். நானும் சிரித்தேன். இங்கே நிறுத்தச் சொல்ல எந்த முகமும் இல்லை, ஒரு கோழியைத் தவிர.

கோழியைப் பற்றிக் கேட்காதே. நீ கொடுத்துவிட்டுப் போன ஆணையர் உத்தியோகத்தை அதுதான் பார்க்கிறது.

உன் நாய் கொழுத்துவிட்டது. என்னோடு இப்போது சிநேகம். ராத்திரி காலடியில் படுக்கிறது. யகூபா பார்த்துவிட்டு, "கர்னல், இது யாருக்கு வளர்க்குறீங்க?" என்று கேட்டான். "தலைநகர்ல ஒரு சாமோ இருக்கான், பசியில கெடக்குறான், அவனுக்கு" என்றேன். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். மாட்டுக்காரர்கள் இப்போது என் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாயைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

நீ வர முடியாது, தெரியும். நானும் முடியாது. இருந்தாலும் விருந்துக்குக் கூப்பிட வேண்டியது முறை. நாயின் தலை உனக்குத்தான். இப்போதைக்கு உடம்போடு இருக்கிறது, சாப்பிடுகிறது, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னைக்காவது வந்து கேட்டு வாங்கிக்கோ.

உன் எசமான்,
கழுதை தின்னி